லயத்து மழைக்கு ஒரு கணக்கப்பிள்ளை

மழைக்கணக்குப் பார்க்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் உங்கள் கையில் ஆளுக்கொரு சின்னக் கம்பியூட்டரைக் கொடுத்தபோது, மேல் லயத்தில் இத்தனை காலம் மழைக்கணக்குப் பார்த்தவள் என்று என்னையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். "எல்லாரும் தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. கூட்டத்தில் பேச்சு வராதது என் பிறவிக் குணம். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில், காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட்டால்கூட வாய்க்குள்ளேதான் 'இருக்கேன்' என்பேன். கணக்கப்பிள்ளை இன்னொரு தரம் கூப்பிடுவார்.

ஆனால் சொல்ல ஒன்றும் இல்லாமல் உட்காரவில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

கார்டை எப்படிச் செருகுவது, எந்த வயர் எங்கே போகும் என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்த தாளில் இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. தாளில் இல்லாத சிலது இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நான் இந்தச் சாமானை முதலில் பார்த்தது பதுளை டவுனில், போன் திருத்தும் ஒரு கடையில். வேலையில் இருந்து நின்ற புதிது. என் போன் மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது. கடை முன்னால் நின்று பேசுகிறவர் ஒரு முஸ்லிம் நானா. உள்ளே மேசை விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, ஈயம் உருக்கிப் பற்றவைக்கிறவள் அவருடைய தங்கை. வருகிற போகிற எல்லாரும் அவளை 'ராத்தா' என்று, அக்கா என்கிற மாதிரி, கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். "அம்மா, நான் ஒங்கட மகள் வயசு" என்றாள். ஆனாலும் அதுவே நின்றுவிட்டது. பேரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் மேசையில் கற்றதுதான்.

அவள் மேசையில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைத் தகடு கிடந்தது. மேலே சின்னச் சின்னக் கறுப்புக் கட்டிகள். ஓரமாக, சீப்புப் பல் மாதிரி வரிசையாக ஊசிகள்.

"இது என்னா, ரேடியோவோட குடலா?" என்று கேட்டேன்.

"கம்பியூட்டர் அம்மா."

"இதுவா? முகத்தைக் காணோமே?"

"ஒங்கட வீட்டு டீவிதான் முகம். தட்டெழுதுற பலகை தனியா வாங்கோணும்."

"டீவியும் என்னோடது, பலகையும் தனி. அப்ப இது எதுக்கு?"

ராத்தா கண்ணாடியைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டுச் சிரித்தாள். "நினைக்கிறதுக்கு" என்றாள்.

ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. நினைக்கிற சாமானைக் கையில் எடுத்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? அது என்ன நினைக்கும்? நான் சொன்னதையா, தன்பாட்டுக்கா? போனை வாங்கத் திரும்பப் போனபோது, அந்த மாதிரிப் பழையது ஏதாவது இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன். யாரோ பிள்ளைக்கு வாங்கி, வேண்டாம் என்று கொண்டுவந்து கொடுத்தது ஒன்று இருந்தது.

"நான் ஒடைச்சிருவேனோ?"

"கீழ போட்டா ஒடையும். பிழையா எழுதினா ஒடையாது. எத்தன தரம் பிழையா எழுதினாலும் திரும்ப எழுதலாம், அது கோவிக்காது."

நாலு பேர் முன்னால் பிழை விடுவதற்குப் பயந்தே வாயைத் திறக்காமல் இருந்தவள் நான். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கினேன் என்று நினைக்கிறேன்.

முதல் நாளே தோற்றேன். டீவியில் கறுப்புத் திரை வந்து, என் கடவுச்சொல்லைக் கேட்டது. ராத்தா துண்டில் எழுதித் தந்திருந்தாள். இங்கிலீசு எழுத்து, பஸ்ஸின் நெற்றியில் உள்ள ஊர்ப்பேரை வாசிக்கிற அளவுக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினேன். திரையில் ஒன்றும் விழவில்லை. பலமாக அமுக்கினேன். ஒன்றும் இல்லை. பலகை கெட்டது என்று துணியில் சுற்றிக்கொண்டு மறுநாள் பதுளைக்கே போனேன்.

"அது விழுந்துதான் ஈக்குது அம்மா. கடவுச்சொல்லை மட்டும் வெளிய காட்டாது. பக்கத்துல நிக்கிற ஆக்கள் பார்த்துருவாங்கன்னு மறைச்சு வாங்கிக்கொள்ளும்."

அதாவது கேட்டுக்கொள்ளும், காட்டிக்கொள்ளாது. என்னைப் போல ஒன்று என்று நினைத்தேன். அன்றைக்கே ஒட்டுதல் வந்துவிட்டது.

இனி முத்தாயியைச் சொல்ல வேண்டும். ஒரே வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் கடைசி வீடு, தொங்கல் காம்பரா என்போமே, அது அவளுடையது. அதற்கு அடுத்தது என்னுடையது. நானும் அவளும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் பறித்தவர்கள். நான் பேசாமல் விட்டதை எல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அவள் புருசன் மாரிமுத்து அண்ணன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்த ஆள். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலில்தான் இருப்பு. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

நான் அந்தக் கம்பியூட்டரைப் போடும்போதெல்லாம் டீவித் திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு மின்னல் கோடு வரும். முத்தாயி அதைப் பார்த்துவிட்டாள்.

"ராக்கு, மின்னல் காட்டுதுடி! புடுங்குடி வயர!"

மின்னல் என்றால் நம் பக்கத்தில் யார் யோசிப்போம்? டீவி வயர், போன் வயர் எல்லாவற்றையும் பிடுங்குவோம். பிடுங்கினேன். அவள் ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணியை அள்ளினாள். வானத்தைப் பார்த்தால் வெயில் சுட்டுக்கொண்டிருக்கிறது. மறுநாளும் அதே கோடு. அதற்கு மறுநாளும்.

"இது முன்கூட்டியே சொல்ற மிசின்டி" என்று முத்தாயி முடிவு செய்தாள். லயம் முழுக்கச் சொல்லியும் விட்டாள். சில நாள் பெண்கள் அவள் பேச்சைக் கேட்டு விறகை மூடினார்கள், காயப்போட்ட மிளகாயை உள்ளே எடுத்தார்கள். ஒரு துளி விழவில்லை. பிறகு பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், "ராக்கு அக்கா, இன்னைக்கு இடி இருக்கா? தலைக்கு முழுகலாமா?" என்று கேலி. குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்திருக்கிறேன்.

கடைசியில் அது எழும்பவே மாட்டேன் என்றது. தூக்கிக்கொண்டு போனேன். ராத்தா கேட்டாள், "மூலையில மின்னல் அடையாளம் வந்ததா அம்மா?"

"வந்துச்சு. மழைதான் வரல."

அவள் சிரித்த சிரிப்பில் கடைக்கார நானாவே உள்ளே எட்டிப் பார்த்தார். அந்தக் கோடு வானத்து மின்னல் இல்லை. நான் செருகியிருந்தது பழைய போன் சார்ஜர். அது தருகிற கரண்டு இதற்குப் பத்தவில்லை. 'எனக்குச் சாப்பாடு பத்தல' என்று அது தன் வயிற்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறது, நாங்கள் வானத்தைப் பார்த்திருக்கிறோம். சொல்லாமல் கொள்ளாமல் வயரைப் பிடுங்கிப் பிடுங்கி உள்ளே அது எழுதிவைக்கிற கார்டும் கெட்டிருந்தது.

"அது எழுதிக்கொண்டு ஈக்கிற நேரம் புடுங்கினா கை வெட்டின மாதிரி. முதல்ல தூங்கச் சொல்லுங்க. தூங்கினாப் பொறகு புடுங்குங்க" என்றாள்.

பிள்ளைகளே, இதில் இரண்டு பாடம். தூங்கச் சொல்லாமல் பிடுங்காதீர்கள் என்பது தாளிலும் இருக்கிறது. மற்றது தாளில் இல்லை. அது எதைக் காட்டினாலும், 'வெளியில் உள்ளதைச் சொல்கிறதா, தன்னைப் பற்றிச் சொல்கிறதா' என்று முதலில் கேளுங்கள். நான் அதை மின்னலில் கற்றேன். பிறகு ஒரு நாள் அது எனக்கு வேண்டியிருந்தது.

அந்தக் கேலி நடந்துகொண்டிருந்தபோதுதான் மாரிமுத்து அண்ணன் கட்டிலில் இருந்தே ஒன்று கேட்டார்.

"தங்கச்சி, வரப்போற மழைய விடு. பெய்யிற மழைய ஒன் மிசினு எண்ணுமா?"

அவர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. மண்சரிவு பார்க்க வந்தவர்கள், பெருமழை பெய்தால் எல்லாரும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எவ்வளவு பெய்தால் பெருமழை? மழையை அளக்கிற குழாய் கீழே தோட்டத்து ஆபீசில் இருந்தது. கீழே வெயில் அடிக்கும்போது மேலே கொட்டும். கீழே கொட்டும்போது எங்களுக்கு மூடுபனி. அந்தக் குழாய் எங்கள் மழையைப் பார்த்ததே இல்லை.

காலுள்ளவர்களுக்கு இறங்குவது ஒரு சள்ளை, அவ்வளவுதான். அண்ணனை இறக்க வேண்டும் என்றால், நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கம்பு கட்டி, நாலு பேர் தோளில் வைத்து, வழுக்குகிற படியில் மழையோடு மழையாகத் தூக்க வேண்டும். ஒரு தரம் அப்படித் தூக்கினார்கள். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் மழை விட்டுவிட்டது. அவருக்கோ நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்ததே பெரிது. வந்து சொன்னார், "இனிமே மலை வந்து கூப்பிட்டாத்தான் போவேன். மனுசன் கூப்பிட்டா வரமாட்டேன்."

ஆக, சும்மா தூக்கினாலும் அவருக்கு ஆபத்து. தூக்க வேண்டிய நேரத்தில் தூக்காவிட்டாலும் ஆபத்து. ஒவ்வொரு மழைக்கும் முத்தாயி வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்ப்பாள். "போகணுமாடி, வேணாமா?" அதற்கு ஒரு பதில் வேண்டும். எனக்கு அந்தக் கம்பியூட்டரின் மேல் இருந்த ஆசை வேலையாக மாறியது அங்கேதான்.

அதுவரை நான் ஒரு சின்ன விளக்கை மினுக்கவைக்கத்தான் படித்திருந்தேன். மினுக்கு என்றால் மினுக்கும், நிறுத்து என்றால் நிற்கும். அதிலேயே பல நாள் போனது, சலிக்கவில்லை. இப்போது அதற்கு எண்ணக் கற்றுக்கொடுக்க வேண்டும். யோகட் கப் இரண்டை முதுகோடு முதுகு ஒட்டி, நடுவில் குடைக்கம்பி ஒன்றைச் செருகினேன். மேலே புனல். ஒரு கப் நிரம்பினால் அந்தப் பக்கம் சாய்ந்து கொட்டும், மற்றக் கப் மேலே வரும். பழைய கைப்பை மூடியில் இருந்த காந்தம் ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு கம்பியைத் தொட்டுவிட்டுப் போகும். அந்தத் தொடுகையை ஊசி வழியாகக் கம்பியூட்டர் எண்ணும். எண்ணுவதற்கான வரிகளை ராத்தா எழுதித் தந்தாள். நான் எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தேன். பிழை விட்டால் எந்த வரியில் என்று அதுவே சொன்னது. திட்டவில்லை.

அண்ணன் அதைத் தன் காம்பராவிலேயே வைக்கச் சொன்னார். டீவியும் அவருடையதுதான். கப்பையும் புனலையும் வெளியே மழைபடும் இடத்தில் நிறுத்தி, வயரை உள்ளே இழுத்தோம். கம்பியூட்டரை மூடியில்லாத ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, டீவிக்கு மேலே தட்டில் வைத்தோம். திரையில் பெரிதாக ஒரு நம்பர். மண்சரிவுக்காரர்களிடம் கேட்ட அளவை வைத்து நிறம் பிரித்தோம்: பச்சையில் இருந்தால் இருக்கலாம். மஞ்சள் என்றால் மூட்டை கட்டலாம். சிவப்பு என்றால் இறங்க வேண்டும்.

"எண்ணுது, எண்ணுது!" என்று அவர் முதல் மழைக்குக் கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது. அவர்தான் அதற்குக் கணக்கப்பிள்ளை என்று பேர் வைத்தார். "நம்ம பழைய கணக்கப்பிள்ளை கொழுந்தை நிறுத்தா, கிலோவைக் கழிச்சுத்தான் எழுதுவான். இது விழுந்ததை விழுந்தபடி எழுதுது. நல்ல கணக்கப்பிள்ளை."

முத்தாயிக்குத்தான் வயிற்றெரிச்சல். "என் நாடகத்தைக் கெடுத்துட்டு இந்த மனுசன் மழை நாடகம் பார்க்கிறாருடி."

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் எல்லாரும் 'இறங்குவோம்' என்றபோது நம்பர் பச்சையிலேயே நின்றது. அண்ணன் அசையவில்லை. மழையும் விட்டது. அன்றோடு லயமே அந்த நம்பரைப் பார்க்க ஆரம்பித்தது. தொங்கல் காம்பரா நகர்ந்தால் நாமும் நகர்வோம் என்று ஆகிவிட்டது. நாற்காலிக் கம்பு இரண்டையும் முத்தாயி பாகற்கொடிப் பந்தலுக்கு நட்டுவிட்டாள்.

பிறகு ஆயுத பூசை வந்தது.

நம் வீடுகளில் அன்றைக்கு மம்பட்டி, கத்தி, கொழுந்துக் கூடை எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, பூப்போட்டு வைத்துவிடுவோம். மறுநாள்வரை அதைத் தொட மாட்டோம். முத்தாயி காலையிலேயே கேட்டாள், "கணக்கப்பிள்ளையையும் இறக்கிப் பூசையில வைப்பமா?" மழை நாள், அது ஓடட்டும் என்றேன். அவளுக்கு மனசில்லை. "சரி, இருந்த எடத்திலேயே ஒரு பூவாவது வைக்கிறேன்" என்றாள். பிஸ்கட் டின்னுக்குள் செவ்வந்திப்பூவாக நிரப்பிவிட்டாள். அழகாகத்தான் இருந்தது.

பகல் சோற்றுக்குப் பிறகு மழை பிடித்தது. சாதாரணமாகத்தான் தொடங்கியது. பிறகு தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. நான் அண்ணன் காம்பராவுக்குப் போனேன். நம்பர் பச்சை. அது சரிதான் என்று திரும்பினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போனேன். அதே நம்பர். பச்சை.

"என்னா தங்கச்சி, முகம் ஒரு மாதிரியா இருக்கு? கணக்கப்பிள்ளை ஜோரா இருக்கான்" என்றார் அண்ணன்.

அந்த நம்பரை நான் காலையில் வந்த தூறலுக்குப் பிறகு பார்த்திருந்தேன். அதிலிருந்து ஒன்றுகூட ஏறவில்லை. வெளியே வந்து பார்த்தேன். பாத்திரம் கழுவிவிட்டு முற்றத்தில் கவிழ்த்து வைக்கிற வாளியை யாரோ நிமிர்த்திவிட்டிருந்தார்கள். அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பின்னால் மேட்டில் இருந்து தண்ணீர் வடிகிற கானில், எப்போதும் தெளிவாக ஓடுகிற தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி வந்தது.

முதலில் என் கை போனது பிஸ்கட் டின்னுக்குத்தான். கழற்றிப் பார்த்துத் திருத்திவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும், அதனால்தான் இதை நிறுத்தி எழுதுகிறேன். தொடப்போன கை பாதியில் நின்றது. நான் இப்போது திருத்தினாலும் அது இந்த நிமிசத்தில் இருந்துதானே எண்ணும்? பகல் முழுக்கக் கொட்டியதை அது திரும்ப எண்ணாது. பச்சையில் இருந்துதான் ஏறும். அண்ணனும் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைய கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை, திருத்தினாலும் இல்லை.

"அண்ணே, போகணும்" என்றேன்.

"எத்தன காட்டுது?"

"அது... அத விடுங்க. போகணும்."

"அத எப்படி விடுறது? நீதானே கொண்டாந்து வச்ச? கணக்கப்பிள்ளை பச்சைங்கிறான், நீ போகணுங்கிற. நான் யார் பேச்சைக் கேட்க?"

அதற்குள் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். லயத்துத் தலைவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். பின்னால் இளவட்டங்கள். எல்லாருடைய கண்ணும் டீவியில்.

"பச்சைதானே அக்கா?" என்றார் தலைவர். "ஏலாத மனுசனை இந்த மழையில நனைச்சா, போன தரம் மாதிரி ஆயிராதா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். அண்ணனின் நெஞ்சு எனக்கும் தெரியும். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த பிறகு மழை விட்டுவிட்டால்? அவருக்குத் திரும்பச் சளி கட்டினால்? முத்தாயி வழக்கம்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இரண்டு தரம் வாயைத் திறந்தேன். மழைச் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவர்களுக்கு அந்தப் பச்சை நம்பர் மட்டும் நன்றாகத் தெரிந்தது. மற்ற மழைக்கெல்லாம் போகிற கரண்டு, அன்றைக்கென்று போகவில்லை.

அப்போது எனக்கு அந்தப் பழைய மின்னல் கோடு ஞாபகம் வந்தது. இது மழையைப் பற்றிச் சொல்லவில்லை, தன்னைப் பற்றிச் சொல்கிறது. அது தெரியாமல் இத்தனை பேர் வானத்துக்குப் பதில் இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கையை நீட்டி வயரைப் பிடுங்கினேன். தூங்கச் சொல்லவில்லை. டீவி நீலமாகிப் போனது.

"அடியேய்! பூசையில வச்ச சாமானடி!" என்று முத்தாயி தலையில் கை வைத்தாள்.

"கணக்கப்பிள்ளையக் கொன்னுட்டியே!" என்றார் அண்ணன்.

"அது மழைய எண்ணல அண்ணே!" என்று கத்தினேன். ஆமாம், நான்தான். "காலைல எண்ணினதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு! முத்தத்துல வாளிய பாருங்க! கான்ல வர்ற தண்ணிய பாருங்க! இனிமே அதைப் பார்க்க ஒன்னுமில்ல, இப்ப கணக்குச் சொல்றது நான்! எந்திரிங்க!"

அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்திரிக்க முடிஞ்சா எனக்கு ஏன் தங்கச்சி இந்தப் பாடு?" என்றார். பிறகு வாசலைப் பார்த்து, "என்னாடா நிக்கிறீங்க? நாப்பது வருசத்துக்குப் பொறகு இன்னைக்குத்தான் இவ சத்தத்தையே கேட்கிறேன். தூக்குங்கடா" என்றார்.

பந்தலை உலுக்கிக் கம்பைப் பிடுங்கினார்கள். அவிழ்க்க நேரமில்லை. பாகற்கொடியும் காயும் தொங்கத் தொங்கத்தான் நாற்காலியைக் கட்டினார்கள். முத்தாயி, கொழுந்து பறிக்கையில் மழைக்குக் கட்டுகிற படங்குச் சீலை வீட்டில் இருந்தது அத்தனையையும் அவர் மேல் போட்டு, கழுத்துவரை சுற்றினாள். "பொண்ணு ஊர்வலம் போற மாதிரி இருக்கு" என்று அவரே சொன்னார். தொங்கல் காம்பரா இறங்கியதும் லயம் முழுக்க இறங்கியது.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், மேடு சரிந்ததா என்று.

சரியவில்லை. மறுநாள் மழை விட்டது. ஏறி வந்து பார்த்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அண்ணனுக்கு இருமல் வந்தது. ஆஸ்பத்திரிவரை போகவில்லை, ஆனாலும் சுவரின் அந்தப் பக்கம் அவர் இருமும்போதெல்லாம் இந்தப் பக்கம் நான் எழுந்து உட்கார்ந்தேன். பீலியடியில் திரும்பவும் கேலி. அவரும் சில நாள் என்னோடு பேசவில்லை. அன்றைக்கு நான் செய்தது சரியா என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மலையிடம் கேட்க முடியாது. அன்றைக்கு என் கண்ணுக்கு முன்னால் இருந்ததை வைத்துப் பார்த்தால், திரும்பவும் அப்படித்தான் செய்வேன். அவ்வளவுதான் சொல்ல முடியும். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடைக்காது, எதிர்பார்க்காதீர்கள்.

கம்பியூட்டரை ராத்தாவிடம் கொண்டுபோனபோது முத்தாயியும் கூடவே வந்தாள். பூசைச் சாமானைத் தொட்டதால் என்ன குற்றம் வந்ததோ என்று அவளுக்குப் பயம். ராத்தா பூவை எடுத்துப் போட்டுவிட்டு, ஊசி வரிசையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். மெல்லச் சுரண்டினாள். மஞ்சளாக உதிர்ந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"சந்தனம்" என்றாள்.

முத்தாயி பேசாமல் நின்று நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். பூவுக்கு அடியில், ஊசிகள் பளிச்சென்று முகம் மாதிரி இருந்த இடத்தில், குழைத்த சந்தனத்தை வரிசையாகப் பொட்டு வைத்திருக்கிறாள். அந்த ஈரம் இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டதால், காந்தம் எப்போதும் தொட்டபடியே இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. கப் எத்தனை தரம் சாய்ந்தாலும் கம்பியூட்டருக்குத் தெரியவில்லை.

"பொட்டு வச்சா கெட்டுப்போகுமா?" என்றாள் கடைசியில், குரல் இறங்கி. "மம்பட்டிக்கு வச்சோம், கெடல. கத்திக்கு வச்சோம், கெடல. பசறை பஸ்ஸுக்கே டிரைவர் வைக்கிறாரே?"

"பஸ்ஸுக்கு எஞ்சினுக்குள்ளயா அம்மா வைக்கிறாரு?" என்றாள் ராத்தா. "முன் கண்ணாடியிலதானே?"

முத்தாயி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இதுக்கு ஒரு முன் கண்ணாடி செஞ்சு குடு" என்றாள்.

ராத்தா அப்படியே செய்தாள். மூடியுள்ள பெட்டி, காற்றுப் போகப் பக்கத்தில் துளை. மூடியின் மேல் இப்போது எப்போதும் ஒரு சந்தனப் பொட்டு இருக்கும். உங்கள் வீட்டிலும் யாராவது இதன் மேல் ஆசை வைப்பார்கள். பொட்டு வைப்பார்கள், துணி போட்டுப் போர்த்துவார்கள், குளிருதோ என்று அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்துவார்கள். சத்தம் போடாதீர்கள். முதல் நாளே மூடி போட்டு, அந்த ஆசைக்கு ஓர் இடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் மாற்றினோம். உங்கள் திரையில் நம்பருக்குக் கீழே சின்னதாக ஒரு வரி இருக்கிறதே, கப் கடைசியாக எப்போது சாய்ந்தது என்று, அது அன்றைக்குப் பிறகு வந்தது. நம்பர் நின்றால் மழை நின்றதா, எண்ணிக்கை நின்றதா என்று தெரிய வேண்டும் அல்லவா? பேசாமல் இருப்பதும் சொல்ல ஒன்றுமில்லாமல் இருப்பதும் வேறு வேறு. இதை என்னைவிட யார் நன்றாகச் சொல்ல முடியும்? அப்படியும் முற்றத்தில் ஒரு வாளியை நிமிர்த்தி வைத்திருங்கள். அதற்குக் கரண்டு தேவையில்லை.

அடுத்த பருவத்துக்கு முத்தாயி பாகல் விதை போட்டாள். பந்தலுக்குக் கம்பு தேடி, அந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே இருந்து அண்ணன் குரல் கொடுத்தார்.

"அத நடாதடி. கதவுக்கிட்ட சாத்து."

அதுவரை என்னோடு சரியாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த மனுசன். நான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

என் கண்ணில் இப்போது புரை. திரையில் நம்பர் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. அதனால் மேல் லயத்துக் கணக்கையும் உங்களில் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டேன். அவள் முதல் மழைக்கு ஆசையாக ஓடிப்போய், அண்ணனுக்கு நம்பரை வாசித்துச் சொல்லியிருக்கிறாள். அவர், "அது எனக்கே தெரியுதே. நீ வெளிய பாத்தியா?" என்று கேட்டாராம். முகம் சுருங்கி என்னிடம் வந்து சொன்னாள்.

கோபித்துக்கொள்ளாதே மகள். நீ போய் முற்றத்தைப் பார்த்துவிட்டு வந்து 'போகணும்' என்று சொல், போவார். கம்பு கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.